பணிமனைக்குப் பதினைந்து பேர்

பிப்ரவரி 12, புதன்

காலையில் மேலிடத்திலிருந்து கடிதம். வரும் கல்வியாண்டில் பிளஸ் ஒன் தொழிற்கல்விப் பிரிவில் பதினைந்து பேருக்குக் குறைவாக இருந்தால் பிரிவையே நிறுத்திவிடுவார்களாம். ஆகஸ்டில் ஆள் வந்து தலை எண்ணுவார்கள். எங்கள் பள்ளியில் இப்போது இருப்பது ஒன்பது தலை.

உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தமே வரவில்லை. பயாலஜி பிரிவில் ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு அவ்வளவு பெரிய ஒர்க் ஷாப் ஹாலா என்று ஹெச்.எம். ஆன நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கண்.

மதியம் அருள்முருகன் சார் வந்தார். மின் தொழிற்கல்விக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். அரியலூரிலிருந்து தினமும் பைக்கில் வருகிறார். கடிதத்தை நின்றபடியே படித்தார். “இந்த ஒரு வருசம் மட்டும் புள்ளைங்கள சேக்கற வேலைய எங்கிட்ட விடுங்க மேடம்” என்றார். பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று பன்னிரண்டு வருடமாகக் கூட வேலை செய்கிறவருக்குத் தெரியாதா என்ன.

பிப்ரவரி 14, வெள்ளி

மனிதர் விடுவதாக இல்லை. ஒரு முழுத் தாளில் எழுதிக்கொண்டே வந்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்து பத்து நாள் ஒர்க் ஷாப்பில் முகாம். யார் வேண்டுமானாலும் வரலாம். முகாம் முடிகிற அன்று, ரிசல்ட் வருவதற்கு முன்பே, விருப்பமுள்ளவர்களிடம் பெயர் வாங்குவது. ரிசல்ட் வந்த பிறகு கட்டுப் பிரிக்கக் கூடாது.

கட்டுப் பிரிப்பது என்றால், நான் செய்கிற வேலை. ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் ஒன் விண்ணப்பங்களை மார்க் வாரியாக மூன்று கட்டாகப் பிரிப்போம். நானூறுக்கு மேல் பயாலஜி. முந்நூறுக்கு மேல் கம்ப்யூட்டர், வணிகவியல். மிச்சம் இருப்பதெல்லாம் தொழிற்கல்வி. கணக்கு டீச்சராக இருந்த காலத்திலிருந்தே இது என் கைவேலைதான். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

“நாம மார்க்கத்தான் கேக்கறோம் மேடம். புள்ளைங்கள கேக்கறதே இல்ல” என்றார்.

சுருக்கென்று இருந்தது. எனக்குப் பாடம் எடுக்கிறாரா? கோபத்தில்தான் சரி என்றேன். “செய்ங்க சார். ஆனா பரீட்சை முடியற வரைக்கும் டென்த் பக்கம் தலவச்சிப் படுக்கக் கூடாது. சொல்லிட்டேன்.”

மார்ச் 3, திங்கள்

பிளஸ் டூ பரீட்சை ஆரம்பம். இனிமேல் ஏப்ரல் பாதி வரை எனக்கு என் பெயரே ஞாபகம் இருக்காது.

ஏப்ரல் 16, புதன்

முகாம் முதல் நாள். நாலு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்திருந்தேன். முப்பத்தொரு பேர்! அதில் பதிமூன்று பெண்கள். வீட்டில் இருந்தால் வேலை வைப்பார்கள் என்று வந்திருப்பார்கள். இருக்கட்டும், வந்தார்களே.

ஸ்டோர் ரூமில் ஓடாமல் கிடந்த சீலிங் ஃபேன்களை வெளியே இழுத்துப் போட்டார் சார். இருபத்தாறு. கூடவே ஒரு பெருச்சாளியும் வெளியே வந்து, பிள்ளைகள் கத்தி, நானும் கத்தி, ஹெச்.எம். என்கிற மரியாதையே போய்விட்டது. இருபத்தாறு ஃபேன் கெட்டுக் கிடக்கிறது, நான் ஒவ்வொரு வருடமும் புது ஃபேன் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து ஹாலில் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று இத்தனை வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஒர்க் ஷாப் வாசலில் பெண்கள் கூட்டம். என்ன தகராறோ என்று ஓடினேன். எல்லார் கையிலும் மிக்சி! வீட்டில் கெட்டுப்போனதைக் கொண்டுவரலாம் என்று சார் சொல்லியனுப்பினாராம். எங்கள் சத்துணவு ஆயா மலர்கொடியும் சத்துணவுக்கூடத்து மிக்சியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறது.

லப்பைக்குடிகாட்டிலிருந்து ஆயிஷா பீவி வந்திருந்தார். மகள் ஹுஸ்னா இங்கே பத்தாவது. நன்றாகப் படிக்கிற பெண், வாயே திறக்காது. அந்தப் பெண் தன் வீட்டு மிக்சியைத் தானே பிரித்து, கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதைக் காட்டி, மாற்றிப் போட்டு ஓட்டியது. ஆயிஷா பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். “டீச்சர், வூட்டுல இது ஒரு தம்ளர எடுத்து வைக்காது. இங்க வந்து என்னா வேல பாக்குது பாருங்க!”

ஏப்ரல் 24, வியாழன்

இன்று மனசு சரியில்லை.

முகாமுக்குப் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். பானுப்ரியா. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மின் பிரிவில் வேலை. ஹெல்மெட், பெரிய ஷூ, இடுப்பில் டெஸ்டர். இங்கே தொழிற்கல்வி படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேர்ந்தவள். பெண் பிள்ளைகள் அவளைச் சுற்றியே நின்றார்கள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்தது.

“நீங்கதான் மேடம் எனக்கு இந்த குரூப்பு போட்டீங்க. ரெண்டு நாளு சோறு திங்காம அழுதேன்.”

பிடிக்காமலா அழுதாய் என்று கேட்டேன். சிரித்தாள். “பிடிக்கும் மேடம். என்னைய கேட்டிருந்தா நானே இதத்தான் சொல்லிருப்பேன். மார்க்கு இல்லன்னு தள்ளிவுட்டாங்கன்னுதான் அழுதேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டாள். இப்படி எத்தனை பேரை அழவைத்திருக்கிறேன்? வருடத்துக்குப் பத்துப் பேர் என்றாலே நூறைத் தாண்டுகிறது. கணக்கு டீச்சர் அல்லவா, கணக்கு மட்டும் சட்டென்று வந்துவிடுகிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

முகாம் முடிந்தது. இருபத்தாறில் பத்தொன்பது ஃபேன் ஓடுகிறது. பத்தாம் வகுப்பு அறைகளில் மாட்டிவிட்டோம். ஒரு ஃபேன் டகடக என்று சத்தம் போடுகிறது; அதைச் சரிசெய்தவன் அது தன்னுடையது என்று பெருமையாகச் சொல்கிறான்.

பிளஸ் ஒன் தொழிற்கல்விக்குப் பெயர் கொடுத்தவர்கள் இருபத்திரண்டு. முதல் பெயர் ஹுஸ்னா.

மே 16, வெள்ளி

ரிசல்ட். பள்ளியில் தொண்ணூற்றாறு சதவீதம்! காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஹுஸ்னா நானூற்று அறுபத்துமூன்று, பள்ளியில் இரண்டாவது. அம்மாவும் மகளும் லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பயாலஜி எடு, டாக்டராகலாம் என்று ஹுஸ்னாவின் கன்னத்தைத் தட்டி, விண்ணப்பத்தில் நானே எழுதியும் கொடுத்தேன். வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லி, மார்க்குக்கு ஏற்ற மாதிரி வழிகாட்டி அனுப்பினேன். தொண்டை கட்டிவிட்டது. நல்ல நாள்.

மே 20, செவ்வாய்

ஆபீசிலிருந்து பட்டியல் வந்துவிட்டது. தொழிற்கல்வி சரியாகப் பதினைந்து. அப்பாடா! பிரிவு பிழைத்தது. அருள்முருகன் சாருக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். நாளைக்கு வருகிறேன் என்றார். குரலில் சந்தோஷத்தையே காணோம். என்ன மனிதரோ!

மே 21, புதன்

என்ன காரியம் செய்திருக்கிறேன்.

சார் பட்டியலை மேசைமேல் வைத்து இரண்டே கேள்வி கேட்டார். “இந்த மூணு பேரு யாரு மேடம்? முகாமுக்கே வரலயே.” மார்க் குறைந்தவர்கள் என்று ஆபீசில் வழக்கம்போல் போட்டுவிட்டார்கள். வழக்கம்போல் நானும் கையெழுத்து வைத்தேன்.

இரண்டாவது கேள்வி. “நம்ம எட்டு பேரு எங்க?”

பெயர் கொடுத்த இருபத்திரண்டில் இரண்டு பேர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். அது போகட்டும். பன்னிரண்டு பேர் பட்டியலில். மீதி எட்டுப் பேர் பயாலஜியில் இருக்கிறார்கள். எட்டும் நானூறுக்கு மேல் எடுத்தவர்கள். எட்டு விண்ணப்பத்திலும் என் கையெழுத்து. ஹுஸ்னா உட்பட.

கட்டுப் பிரிக்கக் கூடாது என்று சொல்லித்தானே ஒத்துக்கொண்டேன்? கட்டாகப் பிரிக்கவில்லைதான். ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறேன், வாழ்த்துச் சொல்லிச் சொல்லி! நானூற்றி அறுபத்திமூணுன்னு பாத்ததும் வாய் தானா பயாலஜின்னு சொல்லுது. அந்தப் பொண்ணு ஒண்ணுமே பேசாம நின்னுச்சு. நானா ஒரு வார்த்த கேட்டேனா? பானுப்ரியா வந்துட்டுப் போயி ஒரு மாசம்கூட முழுசா முடியல.

“நான் பேசிப் பாத்தேன் மேடம். மேடமே சொல்லிட்டாங்கன்னு சொல்றாங்க” என்றார் சார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

மே 22, வியாழன்

முதலில் மூன்று பேரையும் கூப்பிட்டு ஒவ்வொருவராக விசாரித்தேன். அனிதா மட்டும், முகாமுக்கு வர ஆசையாக இருந்தது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் வர முடியவில்லை என்றாள். தமிழ்மொழி யோசித்துவிட்டு, கம்ப்யூட்டர் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். பிரேம்குமார் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“எனக்கு கரண்டுன்னா பயம் மேடம். சின்ன வயசுல ஒரு தடவ ஷாக்கடிச்சிருக்கு. வணிகவியல் குடுத்தா படிப்பேன்.”

அவன் மார்க்குக்கு வணிகவியல் யாரும் கொடுத்ததில்லை. அதைவிட, இவர்கள் இருவரும் போனால் பதிமூன்று. பிரிவு போய்விடும். இரண்டு மாதம் பழகினால் பயம் போய்விடும் தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அவன் தலையாட்டியிருப்பான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாரைப் பார்த்தேன். வேலை போவதோ மாறுதலோ அவருக்குத்தான். “அனுப்பிடுங்க மேடம்” என்றார்.

இருவருக்கும் மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

மே 24, சனி

ஹுஸ்னா வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு மாணவி வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போவது இதுதான் முதல் தடவை. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லாம் மறந்துவிட்டது.

ஆயிஷா பீவி சர்பத் கொடுத்தார். ஹுஸ்னாவைப் பார்த்து, நேராகவே கேட்டேன். உனக்கு எதும்மா வேணும்? அது அம்மாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. “ஒர்க் ஷாப்புதான் டீச்சர்” என்றது. பிறகு, இன்ஜினியரிங்கும் படிக்க வேண்டும், அதற்கும் இதிலிருந்து வழி இருக்கிறது என்று சார் சொன்னார் என்றது. அவ்வளவு நீளமாக அது பேசி நான் கேட்டதில்லை.

பிரச்சினை அத்தாவிடம். ஹுஸ்னாவின் அப்பா மீரான் வளைகுடாவில் இருக்கிறார். வீடியோவில் கூப்பிட்டோம். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார், விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

“நீங்கதானே டீச்சர் டாக்டருன்னு சொன்னீங்க? ரூம்ல இருக்கற பதினோரு பேருக்கும் நான் ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டேன். இப்ப வந்து கரண்டு வேலன்னா? பதினேழு வருசமா நான் இங்க ஒயரு இழுத்துக்கிட்டுக் கெடக்கறேன், ஹெல்பரா. எங்க வூட்டுக்கு அது ஒண்ணு போதாதா?”

ஆயிஷா பீவி போனை வாங்கினார். “ஹெல்பரா? சூப்பர்வைசருன்னுல்ல சொன்னீங்க?”

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கேயோ இருக்கிற மனிதரை அவர் வீட்டுக் கூடத்திலேயே வைத்து நான் தலைகுனிய வைத்துவிட்டேனே.

“தப்பு எம்மேலதான் பாய்” என்றேன். “மார்க்கப் பாத்த சந்தோசத்துல சொல்லிட்டேன். ஹுஸ்னாவ ஒரு வார்த்த கேக்கல. நீங்களும் அவகிட்ட கேளுங்க, அவ எது சொன்னாலும் அத நான் எழுதித் தர்றேன்.”

ஹுஸ்னா அம்மா கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டது. “அத்தா, நீங்க எந்த சைசு கேபிளு இழுப்பீங்க?” என்று கேட்டது காதில் விழுந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டது. அரை மணி நேரம் ஆகியும் வெளியே வரவில்லை. ஆயிஷா பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க போயிட்டு வாங்க டீச்சர். பஸ்ச வுட்டுட்டா அடுத்தது லேட்டாவும்” என்றார்.

மே 25, ஞாயிறு

பதிமூன்று. குழம்பில் உப்பே போடவில்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

மே 26, திங்கள்

காலை ஒன்பதரைக்கு மீரானிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. மூன்று நிமிடம். ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். எழுதி வைத்துக்கொள்கிறேன், போனில் அழிந்துவிடும்.

“டீச்சர், மன்னிச்சுக்கங்க, அன்னிக்கு கொஞ்சம் சூடா பேசிட்டேன். மக ரெண்டு மணி நேரம் பேசுச்சு. என்னா வேல பாக்கறீங்க, எப்புடிப் பாக்கறீங்கன்னு எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல, வெக்கம். இங்க எங்கூட வந்த பசங்க எல்லாம் போர்மேன் ஆயிட்டாங்க டீச்சர். வேல அவங்களுக்கு நான் சொல்லிக் குடுத்ததுதான். அவங்ககிட்ட சர்ட்டிபிகேட் இருந்துச்சு, எங்கிட்ட இல்ல. அதத்தான் மகளுக்குச் சொன்னேன். சேத்துக்கங்க. படிச்சு முழுசா முடிக்கணும், பாதியில நிக்கக் கூடாது, அது ஒங்க பொறுப்பு. ரூம்ல ஸ்வீட் தின்னவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், இன்ஷா அல்லாஹ்.”

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மீதி ஏழு வீட்டுக்கும் போன் போட்டேன். எல்லோரிடமும் ஒரே பேச்சு: நான் சொன்னதை மறந்துவிடுங்கள், பிள்ளையைக் கேளுங்கள், எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

மே 30, வெள்ளி

மூன்று பேர் பயாலஜியே வேண்டும் என்கிறார்கள். அதில் ஒருத்தி, “நெஜமா எனக்கே புடிச்சிருக்கு மேடம், திட்டாதீங்க” என்றாள். நான் ஏன் திட்டப் போகிறேன்! நாலு பேர் திரும்பி வருகிறார்கள். ஹுஸ்னாவோடு ஐந்து.

பதினெட்டு! பதினெட்டு! மாலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எனக்கு நானே ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். உடம்பே லேசாக இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. பயாலஜிக்கு இன்னமும் இடம் போதவில்லை. ஒர்க் ஷாப் ஹாலில் வாரத்துக்கு மூன்று காலை நேரம் அவர்களும் உட்காரட்டும் என்று அருள்முருகன் சாரே சொன்னார். இத்தனை வருடம் ஒரு ஹாலுக்காக அவரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பார்.

ஜூலை 9, புதன்

ஆசிரியர் கூட்டம். தொழிற்கல்விக்கு நாற்பது நிமிடப் பீரியடெல்லாம் போதாது, மோட்டாரைப் பிரித்து வைப்பதற்குள் மணி அடிக்கிறது; செவ்வாயும் வியாழனும் மதியம் முழுக்க அவர்களுக்கே என்று டைம்டேபிளை மாற்றினேன். தமிழ் டீச்சர் வெற்றிச்செல்வி சண்டைக்கு வந்தார். அவர் பீரியடு காலைக்குப் போகிறது என்றதும் சமாதானம் ஆனார். பிள்ளைகள் தூங்காமல் கேட்பார்களே.

இன்னொன்றும் முடிவு செய்தோம். அடுத்த ஏப்ரலில் தொழிற்கல்விக்கு மட்டும் இல்லை, எல்லாப் பிரிவுக்கும் முகாம். பயாலஜி லேபில் இரண்டு நாள், கம்ப்யூட்டரில் இரண்டு நாள், வணிகவியலுக்கு ஊர்க் கடைகளில் இரண்டு நாள். ரிசல்ட்டுக்கு முன்பே பிள்ளைகளே எழுதிக் கொடுப்பார்கள். விண்ணப்பத்தில் மார்க் எழுதுகிற பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டுதான் நான் பேசப் போகிறேன். என்னை நானே நம்பத் தயாராக இல்லை.

பிரேம்குமார் வணிகவியல் முதல் தேர்வில் நாற்பத்தெட்டு வாங்கியிருக்கிறான். என்னிடம் காட்ட வராந்தாவில் காத்துக்கொண்டு நின்றான்.

ஆகஸ்ட் 27, புதன்

நாளைக்குத் தலை எண்ண வருகிறார்கள். ஒருத்தருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் வரக் கூடாது சாமி.

ஆகஸ்ட் 28, வியாழன்

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். நேராக ஒர்க் ஷாப். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி மோட்டார் எரிந்துபோனதைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு முறை எண்ணினார். பதிவேட்டைப் பார்த்து இன்னொரு முறை எண்ணினார். பதினெட்டு. அங்கேயே மேசைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிரிவு தொடரும். அருள்முருகன் சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு என் அறையில் டீ. அதிகாரி படிவத்தைப் புரட்டியபடி, “ஒரு கட்டம் மட்டும் நிரப்பாம பாக்கி இருக்குங்க மேடம். இந்தப் பதினெட்டுல எத்தன பேரு மார்க்கு கொறஞ்சு வந்தவங்க?” என்று கேட்டார்.

இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாலும் இனிஷியலோடு மார்க்கைச் சொல்லுகிறவள் நான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அனிதாவுக்குக் காயில் கட்டுவதில் நல்ல கை. கடைசியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஏணி ஏறப் பயம். இன்னொருவன் பேசிக்கொண்டே சுற்றி, எண்ணிக்கையை விட்டுவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஹுஸ்னா யாரையும் அவசரப்படுத்தாமல் தப்பை மட்டும் விரலால் காட்டும். பதினெட்டு முகமும் வரிசையாக வந்தது. ஹுஸ்னாவுடையதைத் தவிர ஒரு மார்க்கும் வரவில்லை.

“தெரியலையே சார்” என்றேன். “ஆபீஸ்ல கேட்டுச் சொல்லட்டுங்களா?”